ஆறு மில்லிமீட்டர் துளை: மாணவர்கள் கட்டும் சின்ன ராக்கெட் எஞ்சின்

களியக்காவிளையில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு ராக்கெட் தூரத்து விஷயம் இல்லை. மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், அதையும் தாண்டினால் தும்பா. கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி நாகர்கோவில், ஆரல்வாய்மொழி என்று கடந்தால் காவல்கிணறு, அங்கிருந்து மகேந்திரகிரி. தும்பாவின் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று நைக்கி-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் ஏறியது. இந்திய மண்ணிலிருந்து விண்வெளி ஆராய்ச்சிக்காக ஏறிய முதல் ராக்கெட் அதுதான். மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள், திரவ எரிபொருளில் ஓடும் விகாஸ் எஞ்சினையும், மிகக் குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுக்களில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினையும் தரையோடு கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பைக் கவனித்துக்கொள்கிறேன். கடைசி வருட ப்ராஜெக்ட் நேரம் வந்தால் நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள்: “சாரே, ராக்கெட் எஞ்சின் செய்யலாமா? செலவு எவ்வளவு வரும்?”

செய்யலாம். பெரிய செலவும் இல்லை. ஆனால் செய்வதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ப்ளஸ் டூ இயற்பியல் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது பறக்கும் ராக்கெட்டைப் பற்றி அல்ல. மகேந்திரகிரியில் செய்வதுபோல மேடையில் இறுகக் கட்டி, ஐந்து விநாடி எரித்து, அது எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்கும் எஞ்சின். மாணவர் கையில் கடைசியில் மிஞ்சவேண்டியது ஒரு வரைபடம்.

சரி, எஞ்சின் ஏன் தள்ளுகிறது?

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஒரு சின்ன வள்ளத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தில் ஒரு குவியல் தேங்காய். ஒன்றை எடுத்துப் பின்பக்கமாக ஓங்கி வீசினால் வள்ளம் கொஞ்சம் முன்னே நகரும். அடுத்ததையும் வீசுங்கள், இன்னும் கொஞ்சம் நகரும். தேங்காய் காற்றில் மோதுவதாலோ தண்ணீரில் விழுவதாலோ வள்ளம் நகரவில்லை. வீசும்போது உங்கள் கை தேங்காயைத் தள்ளுகிறது, தேங்காய் உங்களைத் திருப்பித் தள்ளுகிறது. அவ்வளவுதான். காற்றே இல்லாத விண்வெளியிலும் ராக்கெட் தள்ளுவது இதனால்தான்.

ராக்கெட் வீசுவது சூடான வாயுவை. ஒரு விநாடிக்கு எவ்வளவு எடை வெளியே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் உந்துவிசை கிடைக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட அளவில் விநாடிக்குப் பன்னிரண்டரை கிராம் வாயு, விநாடிக்கு ஏறக்குறைய 2000 மீட்டர் வேகம். பெருக்கினால் 25 நியூட்டன். எடையாகச் சொன்னால் இரண்டரை கிலோவை ஏந்திப் பிடிக்கும் விசை. பன்னிரண்டரை கிராம் என்பது பெரிய கரண்டி ஒன்றில் கொள்கிற அளவு. ஆனால் 2000 மீட்டர் வேகம் சாதாரணமானதில்லை. அந்த வேகத்தில் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போக கால் நிமிடம் போதும்.

இரண்டரை கிலோ என்றதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். “இவ்வளவுதானா சாரே?” என்பார்கள். விகாஸ் எஞ்சினின் உந்துவிசை ஏறக்குறைய 80 டன் என்று படித்துவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் செலவு குறைவதே இந்தச் சின்ன அளவால்தான். தும்பாவிலிருந்து 1967இல் ஏறிய முதல் இந்தியத் தயாரிப்பான ரோகிணி-75இன் விட்டமே 75 மில்லிமீட்டர்தான். நம் கைக்குள் அடங்கும் குழாய். அப்படித் தொடங்கியவர்கள்தான் இன்று இந்த இடத்தில் இருக்கிறார்கள்.

அந்த 2000 மீட்டர் வேகம் எங்கிருந்து வருகிறது? அழுத்தத்திலிருந்து. அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும். கார் டயரில் இரண்டு பார் சொச்சம். எங்கள் எஞ்சினின் எரியறையில் ஏழு பார். வெல்டிங் பட்டறையில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது 150 பார் அளவில் இருக்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சாமானுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று தெரியும். பயப்பட வேண்டியது தீயைப் பார்த்து அல்ல, சிலிண்டரைப் பார்த்து.

இனி கட்டுரையின் தலைப்பில் உள்ள துளைக்கு வருவோம். எரியறையில் உண்டாகும் வாயு வெளியேற ஒரே வழிதான் உண்டு. அந்த வழி முதலில் குறுகி, பிறகு விரிகிறது. இதைத்தான் நாசில் என்கிறோம். அதில் மிகக் குறுகிய இடம் கழுத்து. எங்கள் எஞ்சினில் கழுத்தின் விட்டம் 6 மில்லிமீட்டர். மற்ற எல்லா அளவும் அந்த ஆறைச் சுற்றித்தான் அமைகிறது. கழுத்தைச் சின்னதாக்கினால் வாயு வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறும், பெரிதாக்கினால் அழுத்தம் இறங்கும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதால் அரை மில்லிமீட்டர் பிழையும் இங்கே பெரிய பிழை.

குறுகும் பக்கம் எல்லோருக்கும் புரியும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிட்டுப் போகும். விரியும் பக்கம்தான் குழப்பும். விரித்தால் வேகம் குறையத்தானே வேண்டும்? தண்ணீருக்கு ஆமாம். வாயுவுக்கும் ஒரு எல்லைவரை ஆமாம். அந்த எல்லை ஒலியின் வேகம். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், கழுத்தில் வாயு ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் குறுக்கினாலும் கழுத்தில் வேகம் ஏறாது. ஒலி வேகத்தைத் தொட்ட வாயு, விரிய இடம் கொடுத்தால் தலைகீழாக நடந்துகொள்கிறது. அது விரியும்போது அடர்த்தி அவ்வளவு வேகமாகச் சரிவதால், ஈடு கொடுக்க அது இன்னும் வேகமாக ஓடியே ஆக வேண்டும். குறுகி விரியும் இந்த வடிவத்தை 1880களின் இறுதியில் சுவீடன்காரரான குஸ்டாஃப் டி லாவல் நீராவி டர்பைனுக்காகப் பயன்படுத்தினார். பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் பெயர்பெற்றவரும் அவர்தான். ராக்கெட்காரர்கள் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு விரிய வேண்டும்? படங்களில் பார்த்த பெரிய மணி வடிவ நாசிலைத்தான் பிள்ளைகள் வரைந்து கொண்டுவருவார்கள். ஏழு பார் அழுத்தத்துக்குத் தரையில் சோதிக்கும்போது 6 மில்லிமீட்டர் கழுத்துக்கு 8 மில்லிமீட்டர் வாய் போதும். அதற்கு மேல் விரித்தால் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய், சுவரை விட்டு விலகி, உந்துவிசையைக் குறைத்துவிடும். பெரிய மணி மேலே, காற்று இல்லாத இடத்தில் எரியும் எஞ்சினுக்கு உரியது.

உந்துவிசையைக் கழுத்திலிருந்தே கணக்கிடலாம். கழுத்தின் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர், அதாவது 0.28 சதுர சென்டிமீட்டர். ஏழு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. பெருக்கினால் இரண்டு கிலோ. நாசிலின் வடிவத்துக்கான பெருக்கு இந்த அளவுகளில் 1.25ஐ ஒட்டி வரும். ஆக இரண்டரை கிலோ. விநாடிக்குப் பன்னிரண்டரை கிராம் என்ற கணக்கிலும் இதே விடைதான் வந்தது என்பதைப் பாருங்கள். இரண்டு வழியிலும் ஒரே எண் வரும்வரை யாரையும் லேத் பக்கம் நான் விடுவதில்லை.

அடுத்து எதை எரிப்பது. மூன்று வகை உண்டு. எரிபொருளும் ஆக்சிஜன் தரும் பொருளும் சேர்ந்தே இறுகிய திட வகை. இரண்டும் திரவமாக இருக்கும் வகை. ஒன்று திடமாகவும் மற்றது வாயுவாகவோ திரவமாகவோ இருக்கும் கலப்பு வகை.

திட வகை ரப்பரோடு சம்பந்தப்பட்டது என்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஆசை அதிகம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டி, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பெரிய திட எரிபொருள் ராக்கெட்டிலும் செயற்கை ரப்பர் ஒன்றுதான் பொடிகளைப் பிடித்துவைக்கிறது. அதையும் கூழாக ஊற்றித்தான் உறையவைக்கிறார்கள். ஆனால் ஆக்சிஜன் தரும் பொடியையும் எரிபொருளையும் கையால் கலப்பது வெடிமருந்து செய்வதுதான். அதற்கு 1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஒரு தீப்பொறி போதும், பிறகு நிறுத்த வழியில்லை. சிவகாசியில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் தெரிந்தவர்களுக்கே விபத்து நடக்கிறது. மாணவர் ப்ராஜெக்டில் இதற்கு இடமே இல்லை என்று நான் முடிவாகச் சொல்லிவிடுவேன்.

திரவ வகைதான் அழகானது. 1926 மார்ச் 16 அன்று ராபர்ட் கோடார்ட் பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து ஏவிய ராக்கெட் பறந்தது இரண்டரை விநாடிதான். ஆனால் அதற்கு இரண்டு டேங்க், இரண்டு வால்வு, இரண்டும் ஒரே நொடியில் திறக்கும் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும். முதல் எஞ்சினுக்கு அது வேண்டாம்.

மிஞ்சுவது கலப்பு வகை. தடித்த அக்ரிலிக் பிளாஸ்டிக் உருளையின் நடுவே நீளமாக ஒரு துளை. அக்ரிலிக்தான் எரிபொருள், உருளைதான் எரியறை. ஒரு முனையிலிருந்து ஆக்சிஜன் வாயு உள்ளே வரும், மறுமுனையில் நாசில். துளையின் உள்சுவர் எரிந்து கரைந்துகொண்டே போகும். ஆக்சிஜன் வால்வை மூடினால் எரிவது நிற்கும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல குணம் ஒரு எஞ்சினுக்கு வேண்டியதில்லை. அக்ரிலிக் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே நடப்பதும் தெரியும். முதல்முறை பார்க்கும்போது அந்த வெண்மஞ்சள் ஒளி துளை நெடுக ஓடிப் பரவுவதைக் காமிராவில் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். 2004இல் தனியார் தயாரிப்பில் மனிதரை விண்வெளி எல்லைக்குக் கொண்டுபோன ஸ்பேஸ்ஷிப்ஒன் பயன்படுத்தியதும் கலப்பு எஞ்சின்தான். அதில் ரப்பரும் நைட்ரஸ் ஆக்சைடும். நைட்ரஸ் ஆக்சைடு கிடைக்கிறதே, அதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். 2007 ஜூலையில் மொஹாவி பாலைவனத்தில் அதை எரிக்காமல் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்த சோதனையிலேயே வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த வாயு தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடியது. ஆகவே ஆக்சிஜன்தான்.

ஆக்சிஜனுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு: எண்ணெய்ப் பசை கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் பட்டால் கிரீஸ் தானாகவே பற்றிக்கொள்ளும். லேத்தில் கடைந்த துண்டை அப்படியே மாட்டக் கூடாது. கழுவி, உலர்த்தி, சுத்தமான பையில் போட்டுக் கட்டி வைத்து, மாட்டும்போது கையுறையோடுதான் தொட வேண்டும். வால்வும் இணைப்புகளும் ஆக்சிஜனுக்கென்றே விற்பவையாக இருக்க வேண்டும். பணத்தைச் சேமிக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே 3000 டிகிரியை நெருங்கும். இரும்பு 1500 டிகிரி அளவில் உருகும், செம்பு 1085இல், அலுமினியம் 660இல். அப்படியானால் நாசில் எப்படித் தாங்குகிறது? இரண்டு வழி. பெரிய எஞ்சினில் சுவருக்குள்ளேயே நுண்ணிய குழாய்களில் எரிபொருளை ஓடவிட்டுக் குளிரவைக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். உருகாத பொருளை எடுத்து, அது தேய்வதற்குள் எரிவதை நிறுத்திவிட்டால் போதும். அந்தப் பொருள் கிராஃபைட். அது உருகுவதில்லை, லேத்தில் வெண்ணெய்போலக் கடையலாம், விலையும் கைக்கு அடங்கும்.

குழித்துறையில் எங்களுக்குக் கடைந்து கொடுத்த லேத் பட்டறை அண்ணாச்சி, முதல் நாசிலைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கழுத்து வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். “சாரே, உள்ளே ஒரு வரி இருக்கு. ட்ரில் போட்ட தடம். ரீமர் விட்டுத் தாறேன்.” அந்த வரி என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் துளையின் உட்புறத்தை வழவழப்பாக்கும் ரீமரை விட்டு, துணியைச் சுற்றித் தேய்த்து, மறுபடி காட்டியபோது உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. கையும் சட்டையும் மெஷினும் கரியாகிவிட்டன. அந்தத் தூள் மின்சாரம் கடத்தும், மோட்டாருக்குள் போனால் கெடுதல் என்று பக்கத்தில் ஒரு பையன் வேக்குவம் கிளீனர் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றான். எரித்து முடித்த பிறகு அதே கழுத்தை அளந்தோம். 6.0 இருந்தது 6.4 ஆகியிருந்தது. பரப்பில் இது 14 சதவீதம். ஏழு பாரில் தொடங்கிய அழுத்தம் ஐந்து விநாடியில் ஆறை ஒட்டி இறங்கியதற்குக் காரணம் வரைபடத்தில் தேடியபோது கிடைக்கவில்லை, விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியரில் கிடைத்தது.

எரிப்பதற்கு முன்னால் எரியறையைத் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்க வேண்டும், வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு. காற்றை அடைத்துச் சோதிக்கக் கூடாது. தண்ணீர் அமுங்காது, ஆகவே உடைந்தால் ஒழுகி நிற்கும். அமுங்கிய காற்று உடைந்தால் துண்டுகளை எறியும்.

அப்புறம் சோதனை மேடை. மொத்த ப்ராஜெக்டில் அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். எஞ்சின் ஒரு தண்டவாளத்தில் லேசாக நகரும்படி இருக்கும், முன்னால் லோட் செல், அது தள்ளுவதை மின்னழுத்தமாக மாற்றும், சின்ன மின்சுற்று ஒன்று அதை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும். எடை காட்டும் மெஷின்களில் இருப்பதும் இதே லோட் செல்தான். எச்.எக்ஸ். 711 என்ற அந்த மின்சுற்று மிகவும் மலிவு. ஆனால் வாங்கியபடியே மாட்டினால் அது விநாடிக்குப் பத்து முறைதான் அளக்கும். எங்கள் முதல் சோதனையில் அப்படியே மாட்டிவிட்டோம். ஐந்து விநாடிக்கு ஐம்பது புள்ளி. பற்றவைத்த கணத்தில் என்ன நடந்தது என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறைந்து போனது. அதே மின்சுற்றின் இணைப்புக் கால்களில் (பின்) ஒன்றை மாற்றி இணைத்தால் விநாடிக்கு 80 முறை அளக்கும். மறுநாள் மாற்றினோம்.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. பற்றவைக்கவே இல்லை, ஆக்சிஜன் வால்வைத் திறந்து வைத்துப் பார்த்தபோதே லோட் செல் 300 கிராம் காட்டியது. ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். வளைந்து வந்த ஆக்சிஜன் ஹோஸ், அழுத்தம் ஏறியதும் நிமிரப் பார்க்கிறது, நிமிரும்போது எஞ்சினைத் தள்ளுகிறது. இரண்டரை கிலோவில் 300 கிராம் பொய். ஹோஸை எஞ்சின் நகரும் திசைக்குக் குறுக்காக வரும்படி மாற்றிக் கட்டினோம். பிறகு ஹோஸில் அழுத்தம் இருக்கும்போதே, பலசரக்குக் கடையிலிருந்து வாங்கி வந்த எடைக்கற்களைக் கயிறும் கப்பியும் போட்டுத் தொங்கவிட்டு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு, இரண்டு கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுக் குறித்தோம். இந்த ஒரு மாலை வேலையைச் செய்யாமல் எரித்திருந்தால் எங்கள் எண்கள் ஒன்றும் நம்பத் தக்கவையாக இருந்திருக்காது.

எரிக்கும் நாளில் மேடைக்கு அருகே யாரும் நிற்கக் கூடாது. வால்வைத் திறப்பதும் பற்றவைப்பதும் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து ஒயர் வழியாக. பார்ப்பது காமிரா வழியாக. கல்லூரியின் எழுத்துபூர்வ அனுமதியும், சோதனை தெரிந்த ஆசிரியர் ஒருவரும், தீயணைப்பானும் இல்லாமல் தொடங்கக் கூடாது. பற்றவில்லை என்றால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கக் கூடாது. வால்வை மூடி, உள்ளே தேங்கிய ஆக்சிஜனை நைட்ரஜனால் துரத்திவிட்டு, குறித்த நேரம் காத்திருந்த பிறகே போக வேண்டும். ஆக்சிஜன் நிறைந்த அறையில் தாமதமாகப் பற்றும் தீ, வழக்கத்தைவிட அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து விநாடிதான். பட்டென்று ஒரு சத்தம், பிறகு துணியை நீளமாகக் கிழிப்பது போன்ற ஒரே இரைச்சல், பிறகு அமைதி. கணினியில் ஒரு கோடு: செங்குத்தாக ஏறி, மேலே கொஞ்சம் சாய்ந்து, சரேலென்று விழுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் எஞ்சின் கொடுத்த மொத்தத் தள்ளல். எங்களுக்குச் சராசரி 22 நியூட்டன், ஐந்து விநாடி, ஆக 110 நியூட்டன்-விநாடி.

எரிந்த எடையையும் கண்டுபிடிக்க வேண்டும். எரிப்பதற்கு முன் அக்ரிலிக் உருளை 842 கிராம். மறுநாள் காலையில், நன்றாக ஆறிய பிறகு, வேதியியல் ஆய்வகத் தராசில் வைத்தபோது 820. எரிந்தது 22 கிராம். ஆக்சிஜன் விநாடிக்கு 8 கிராம் வீதம் 40 கிராம் போயிருந்தது. அந்த அளவும் ஒரு சின்னத் துளையை வைத்துத்தான் பிடித்தோம். கழுத்தில் நடந்த அதே ஒலிவேகச் சங்கதி அங்கேயும் நடக்கிறது. மேல்பக்க அழுத்தம் கீழ்ப்பக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்வரை, துளை வழியாகப் போகும் வாயுவின் அளவை எரியறையில் நடக்கும் எதுவும் மாற்ற முடியாது. ஆக மொத்தம் 62 கிராம். 110ஐ 0.062 கிலோவாலும் 9.81ஆலும் வகுத்தால் ஏறக்குறைய 181 வருகிறது. இதை விநாடிக் கணக்கில் சொல்வார்கள். எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கிலோ, தன் எடைக்குச் சமமான விசையை எத்தனை விநாடி கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதன் அளவு இது. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சி.இ.-20 கிரையோஜெனிக் எஞ்சினுக்கு வெற்றிடத்தில் இது 440 விநாடிக்கு மேல்.

கணக்கைப் போர்டில் எழுதி முடித்த பையன் சாக்பீஸை வைத்துவிட்டு, கரைந்து அகன்ற அக்ரிலிக் துளையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஆக்சிஜன் நுழையும் பக்கம் துளை அகலமாகவும் நாசில் பக்கம் கொஞ்சம் குறுகியும் இருந்தது. “சாரே, இது ஏன் ஒரே சீராகக் கரையல?” என்று கேட்டான். அடுத்த செமஸ்டர் முழுக்க அந்தக் கேள்வியில் போனது.